உள்பக்கம் கோடு போட்ட மலை

தையல் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஊசி பிடிக்கச் சொல்லித்தர நான் வரவில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் பத்து நாளில் விரலில் குத்திக் குத்தி அதுவே சொல்லிக்கொடுத்துவிடும். நீங்கள் தைத்திருக்கும் காட்டுப் படங்களைப் பார்த்தேன். மரத்துக்குப் பின்னால் மரம், அதற்கும் பின்னால் மலை என்று அடுக்கடுக்காக நன்றாகவே வந்திருக்கிறது. ஒன்றுதான் உறுத்தியது. தப்பு நடந்த இடத்திலெல்லாம் ஒரு புதரைத் தைத்து மூடியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? முப்பது வருஷம் நானும் புதர் தைத்தவன்தான்.

ஒரே ஒரு முறை, மூட வேண்டிய தப்பை மூடாமல் சுவரில் தொங்கவிட்டேன். அதைச் சொல்லத்தான் இன்று டீயைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் கடத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டெய்லராக வேலைக்குச் சேர்ந்தேன். டெய்லர் என்றதும் சட்டை, பாவாடை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். படுக்கை விரிப்பு, கை முறிந்தவர்களுக்குக் கழுத்திலிருந்து தொங்கும் தூளி, கால் முறிந்தவர்களுக்கு எடை கட்டும் மணல் பை, ஆபரேஷன் அறைக்குப் பச்சைத் துணி, இவைதான் என் வேலை. பச்சைத் துணி கிழிந்தால் என்னிடம் வரும். ஒட்டுப் போட முடிந்தால் போடுவேன். முடியாததை ஒரு கோணிச் சாக்கில் திணித்து வைப்பேன். சாக்கு நிரம்பி வழிந்தபோது, இதை வைத்துக் குழந்தைகள் வார்டுக்கு ஒரு காடு தைத்தால் என்ன என்று தோன்றியது.

தைத்தேன். எல்லா இலைக்கும் ஒரே பச்சை. கிட்ட இருக்கும் மரமும் எட்ட இருக்கும் மரமும் ஒரே அளவுக்குத் தெளிவு. ஒரு மாத உழைப்பைச் சுவரில் மாட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு சிறுமி தலையைத் தூக்கிப் பார்த்து, "கீர பாத்தி நல்லா இருக்குதுங்க" என்றாள். அதன் பிறகு ஆஸ்பத்திரி முழுக்க எனக்குக் கீரைப் பாத்தி டெய்லர் என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்த அவமானத்திலிருந்து என்னை மீட்டது லூர்தக்காவின் புலம்பல். லூர்தக்கா சலவைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வாய் சும்மா இருக்காது. ஒருநாள் என்னைத் துணி காயப்போடும் கொடிகள் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"பாருங்க டெய்லரே, எல்லாம் ஒரே பச்சையா வாங்குனதுதானே? முன்னாடி கொடில கெடக்கறது போன மாசத்துது. நடுக்கொடி ரெண்டு வருசத்துது. கடைசில கெடக்கறது நான் வேலைக்கு வந்ததுல இருந்து தொவைக்கறது. பிளீச்சிங் போட்டுப் போட்டு வெளுத்துப் போச்சு. சிஸ்டரு என்னமோ நான் சாயத்த வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்ட மாதிரி திட்டறாங்க. நீங்களே சொல்லுங்க, இது என் தப்பா?"

அவர் தப்பா இல்லையா என்று நான் யோசிக்கவே இல்லை. மூன்று கொடிகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னால் கரும்பச்சை, நடுவில் வெளிறிய பச்சை, கடைசியில் பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். கிட்ட இருப்பது கருப்பாகவும் எட்ட இருப்பது வெளுப்பாகவும் தெரிவதுதானே காடு! அன்றிலிருந்து துணியை அளவு பார்த்து எடுக்காமல், எத்தனை முறை துவைத்தது என்று பார்த்து எடுக்க ஆரம்பித்தேன். சாயம் போட்டு நிறம் மாற்றலாமே என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். போடலாம். துவைத்து வந்த வெளுப்பு மாதிரி வராது.

இனி ராமாயிக்கு வருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். சித்தேரி மலைக்காரப் பெண், முப்பது வயதிருக்கும். கடுக்காய் பறிக்க மரமேறிக் கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. அந்த நாளில் அதற்கு வைத்தியம் என்றால் காலைக் கயிற்றில் கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு கப்பி வழியாக மணல் பையைத் தொங்கவிட்டு, எலும்பு நேராகக் கூடும்வரை மல்லாந்து கிடக்க வேண்டியதுதான். பன்னிரண்டு வாரம் என்றார் டாக்டர் சிஸ்டர், ஆஸ்பத்திரியை நடத்திய கன்னியாஸ்திரி. நடுவில் எழுந்தால் எலும்பு கோணலாகக் கூடும், கால் குட்டையாகிவிடும், பிறகு மலையேற முடியாது. அதற்கு முந்தின வருஷம் ஒருவர் பாதியில் எழுந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். சொந்த ஊருக்கு ஏற முடியாமல் அடிவாரத்திலேயே குடிசை போட்டுக்கொண்டார், பாவம்.

ராமாயியின் மணல் பையும் நான் தைத்ததுதான். அது அவளுக்குத் தெரிந்த நாளிலிருந்து என்னை விடவில்லை.

"ஏண்ணா, இந்த மூட்டையத் தெச்ச புண்ணியவான் நீங்கதானா? நல்லா கெட்டியாத்தான் தெச்சிருக்கீங்க. தெனமும் பாக்கறேன், ஒரு நூலு பிரிய மாட்டேங்குது!"

நாலு வாரம் இப்படிச் சிரித்துக்கொண்டுதான் கிடந்தாள். ஐந்தாவது வாரம் பேச்சு நின்றுபோனது. அவள் கட்டிலுக்கு எதிரே சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். தலையைத் திருப்பினாலும் வெள்ளை விரிப்புகள். விரிப்பு மாற்றப் போன என்னிடம் ஒருநாள், "செத்தாப் போர்த்தற துணியாட்டம் இருக்குது இந்தச் சொவுரு. எத்தன நாளைக்கு இதையே பாக்கறது? போயிடறேண்ணா" என்றாள். அவள் புருஷன் சடையனும் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டான்: அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த ஞாயிறு நாலு பேரோடும் கயிற்றுக் கட்டிலோடும் வருகிறான், தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவனையும் குறை சொல்ல முடியாது. சாமை அறுப்புக்கு நின்றது, வீட்டில் இரண்டு பிள்ளைகள், அடுப்பு மூட்ட ஆளில்லை.

டாக்டர் சிஸ்டர் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பிறகு நேராக என் மெஷின் முன்னால் வந்து நின்றார்.

"டெய்லர், அந்தப் பொண்ணு கண்ணுக்கு நேரா ஒரு மலை வேணும். அவ புருஷன் வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள."

"மலைங்களா சிஸ்டர்?"

"மலைதான். துணில. கீரைப் பாத்தி வேண்டாம்."

எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் அதிகம். ஏதோ ஒரு மலை தைத்தால் போதாதா? நேராக ராமாயியிடம் போய், "உங்க வூட்டு வாசல்ல இருந்து தெரியற மலையவே கொண்டாந்து மாட்டறேன், ஓடிப் போயிடாத" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஐந்தாறு நாளாக யாரையும் பார்க்காதவள் அப்படிப் பார்த்ததும், இதைச் செய்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது.

அரூர் போய் பஸ் மாறி, அவர்கள் ஊர் இருக்கும் பக்கத்து அடிவாரத்தில் இறங்கினேன். மலை முகடு அங்கிருந்து பளிச்சென்று தெரிந்தது. இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம், இடக்கைப் பக்கம் மேட்டின்மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு குண்டுப் பாறை. அந்தப் பாறைதான் அடையாளம். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு ரயிலில் வரும் துணிக்கட்டைச் சுற்றியிருக்கும் காக்கித்தாளில் ஒரு துண்டு கொண்டுபோயிருந்தேன். அதில் வரைந்துகொண்டு வந்தேன். வந்ததும் பெரிய தாளில் பெரிதாக்கி, இரண்டு தாளையும் முகட்டுக் கோட்டின் மேலேயே கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

தைத்த விதத்தை விடுங்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். அடியில் பழைய கம்பளி. அதன்மேல் நீலம் போட்ட விரிப்பு, அது வானம். அடுத்தது லூர்தக்காவின் கடைசிக் கொடித் துணியில் மலை முகடு. அதன்மேல் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் ஒரு மெல்லிய பனி. பிறகு நடுக்கொடித் துணியில் எட்ட நிற்கும் காடு, கடைசியாகப் புதுத்துணி வெட்டுகளில் கிட்ட நிற்கும் மரங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். பின்னாலிருந்து முன்னால் தைத்துக்கொண்டு வரும் வேலை இது. முகடு எல்லாவற்றுக்கும் அடியில் போய்விடும். அதில் தப்பென்றால் அத்தனை அடுக்கையும் பிரித்தாக வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. சலவைக் கூடத்துக் கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. முகடு சரியாக வந்திருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்கப் பெரிய தாளை எடுத்து மேலே வைத்தேன். தாளில் பாறை இடக்கைப் பக்கம் இருந்தது. துணியில் வலக்கைப் பக்கம் இருந்தது.

என்ன நடந்ததென்று உடனே புரிந்தது. நாமெல்லாம் சாக்குக்கட்டியால் கோடு போடுவது துணியின் உள்பக்கத்தில், வெளியே கோடு தெரியக் கூடாது என்பதற்காக. சட்டையில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை, வலக்கைக்கு ஒன்று இடக்கைக்கு ஒன்று என்று இரட்டையாகத்தானே வெட்டுகிறோம். மரத்திலும் தெரியாது. கை தன் பழக்கத்தில் மலைக்கும் உள்பக்கமே கோடு போட்டிருக்கிறது. வெட்டித் திருப்பிப் போட்டதும் மலையும் திரும்பிக்கொண்டது. தையல் தெரியாத ஒருவன் செய்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது.

லூர்தக்கா ஈரத்துணி வாளியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"முழுசா மறுபக்கம் திருப்பி மாட்டிருங்களேன்" என்றார்.

"அந்தப் பக்கம் கம்பளியும் முடிச்சும்தாங்க்கா இருக்குது."

"அப்ப மறைச்சுருங்க. ரெண்டு பெரிய மரம் வெச்சா யாருக்குத் தெரியும்?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரித்துத் தைக்க ஒரு வாரம் வேண்டும், கையில் இருந்தது ஒரு சாயங்காலம். மளமளவென்று இரண்டு உயரமான மரங்களை வெட்டினேன். ஒன்றைப் பாறைமேலும் இன்னொன்றைப் பள்ளத்தின்மேலும் வைத்து ஊசி குத்தினேன். கட்டிலிலிருந்து சுவர் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் தள்ளி வந்து பார்த்தேன். தப்பு போயிருந்தது. படமும் அழகாகத்தான் இருந்தது.

லூர்தக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "மரமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இப்ப இது யாரு மலைங்க டெய்லரே?" என்றார்.

யார் மலையும் இல்லை. ஏற்காடு என்றாலும் நம்பலாம், ஊட்டி என்றாலும் நம்பலாம். வெள்ளைச் சுவருக்குப் பதிலாக ஒரு பச்சைச் சுவர், அவ்வளவுதான். ராமாயி அதை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள், ஞாயிற்றுக்கிழமை கயிற்றுக் கட்டிலில் ஏறிப் போய்விடுவாள். மலை திரும்பியிருந்தாலும் அது அவள் மலை. அதைப் பார்த்து என்னைத் திட்டவாவது செய்வாள். திட்டுகிறவளிடம் பேச முடியும், கண்ணை மூடிக்கொள்கிறவளிடம் என்ன பேசுவது? இப்படி ஒழுங்காக அப்போது யோசித்தேன் என்று பெருமை பேச மாட்டேன். மரங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை, ஊசிகளைப் பிடுங்கினேன். பிடுங்கியபோது பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் லூர்தக்காவும் மேல் மடிப்பில் மூங்கில் கழியைச் செருகி, அவள் கட்டிலுக்கு எதிரே படத்தை மாட்டினோம். வார்டில் இருந்தவர்களெல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். ராமாயியின் கண் மட்டும் அந்த முகட்டின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது, திரும்பி வந்தது.

"ராமாயி, ஒரு தப்பு நடந்து போச்சு. நீ கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். கோடு போட்டது மாறிப்போய் மலை திரும்பிடுச்சு. பாறை அந்தப் பக்கம் இருக்கணும். உங்க வூட்டு மலைன்னு சொன்னேன், என்னால முடியல" என்றேன்.

"செத்த நேரம் சும்மா இருங்கண்ணா" என்றாள்.

இருந்தேன். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து இரண்டு காதுப்பக்கமும் இறங்கியது. மல்லாந்து கிடக்கிறவர்களுக்குக் கண்ணீர் அப்படித்தான் போகும். கெடுத்துவிட்டோமே என்று நான் நின்றுகொண்டிருந்தபோது சடையன் வந்துவிட்டான். பின்னால் நாலு பேர், வாசலில் கயிற்றுக் கட்டில்.

"எந்திரி, போலாம். மேல கொண்டுபோயிச் சேக்கறதுக்குள்ள பொழுது போயிடும்" என்றவன் சுவரைப் பார்த்துத் திகைத்தான். "இது என்னா, நம்ம மலை மாறிக் கெடக்குது? குண்டுப் பாறைய எவன் தூக்கி இந்தப் பக்கம் வெச்சான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராமாயி சொன்னாள்: "மாறல. உன் வூட்டுல நின்னு பாத்தா மாறித்தான் தெரியும். எங்க ஆத்தா வூட்டு வாசல்ல நின்னு பாரு."

"ஆத்தா வூடா?"

"மலைக்கு அந்தப் பக்கம் பொண்ணு பாக்க வந்தியே, மறந்துட்டியா? நான் பொறந்ததுல இருந்து பாத்தது இந்த மலையத்தான். உன்னையக் கட்டிக்கிட்டு வந்தப்புறம்தான் பாறை அந்தப் பக்கம் போச்சு."

சடையன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். கூட வந்த நாலு பேரில் ஒருவர் மெல்லச் சிரித்து, "ஆமாப்பா. மாமியா வூட்டுப் பக்கம் போனா இப்புடித்தான் தெரியும்" என்றார்.

"அப்ப கேட்டுக்க" என்றாள் ராமாயி. குரலில் பழைய குறும்பு திரும்பியிருந்தது. "நான் எங்க ஆத்தா வூட்டுக்கு வந்திருக்கறேன். ஒடம்பு தேறுனப்புறம்தான் வருவேன். ஆத்தா வூட்டுக்கு வந்தவள பாதில கூப்புட்டுக்கிட்டுப் போற பழக்கம் உங்க சாதி சனத்துல உண்டா?"

அங்கே அது ஒரு வழக்கம். உடம்பு முடியாமல் தாய் வீட்டுக்குப் போன பெண்ணை, அவளாகக் கிளம்புகிறவரை புருஷன் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் பந்துக்கள் முகத்தில் விழிக்க முடியாது. சடையன் நாலு பேரையும் பார்த்தான். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"ஆத்தா வூட்டுல இருக்கறவள நான் என்னான்னு கூப்புடறது?" என்று தலையைச் சொறிந்தான். பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டான். "சரி, இரு. புள்ளைங்கள உன் தங்கச்சியக் கூட்டியாந்து பாத்துக்கறேன்."

கயிற்றுக் கட்டில் காலியாகத் திரும்பிப் போனது. டாக்டர் சிஸ்டர் வராந்தாவில் நின்றபடி சிலுவை போட்டுக்கொண்டார். நான் தையல் கூடத்துக்குப் போய், தைப்பதற்கு எதுவுமே இல்லாமல் மெஷினைச் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்து மணல் பையை அவிழ்த்த அன்று ராமாயி அதைத் தன்னிடமே கொடுக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தாள். "கடைசி வரைக்கும் பிரியல பாருங்க" என்று திட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கோல் ஊன்றிப் பழகி இரண்டு மாதம் கழித்துத்தான் ஊருக்குப் போனாள்.

ஆனால் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண் சொன்னது நிஜம்தானா? நான் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, என்னைக் காப்பாற்றவும் தன் காலைக் காப்பாற்றிக்கொள்ளவும் அந்த நிமிஷத்தில் கட்டிய கதையோ? கூட வந்தவரும் அதற்காகத்தான் ஒத்துப் பாடினாரோ? யாரிடமும் கேட்கவில்லை. அடிவாரத்தில் வரைந்த அந்தச் சின்னக் காக்கித்தாளை மட்டும் அளவுப் புத்தகத்தில் மடித்து வைத்திருந்தேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வண்டி தடுப்பூசி போடக் கிளம்பியது. கூடமாட உதவ நானும் ஏறிக்கொண்டேன். தாளும் என்னோடு வந்தது. ஊருக்கு முன்னால் ஒரு மேட்டில் வண்டி நின்றதும் இறங்கித் தாளைப் பிரித்து முகட்டுக்கு நேராகப் பிடித்தேன். பொருந்தவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. தாளை முன்பின்னாகத் திருப்பி, பின்பக்கம் என்னைப் பார்க்கும்படி பிடித்தேன். கத்தரித்த ஓரம் முகட்டின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு மேடு, பள்ளம், வலக்கைப் பக்கம் குண்டுப் பாறை. நான் தைத்தது அப்படியே எதிரே நின்றது.

"இத்தன வருசமா நம்பலயாண்ணா?" என்று பின்னால் ஒரு குரல். மாரியம்மன் பண்டிகைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த ராமாயி, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நான் தாளை மறைக்கப் பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், குடத்துத் தண்ணீர் பாதி அவள்மேலேயே சிந்தியது.

இதைக் கேட்டுவிட்டு, தப்பாகத் தைத்தால் நல்லது நடக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள். கோட்டை ஒழுங்காகவே போடுங்கள். நான் சொல்வது, தைத்து முடித்த பிறகு தெரிய வரும் தப்பைப் பற்றி. அதை மூடுவதற்கு முன்னால் யாருக்காகத் தைத்தீர்களோ அவர்களைக் கூப்பிட்டு ஒரு தரம் காட்டுங்கள். நமக்குத் தெரிந்தது துணிதான். மலையில் பிறந்தது அவர்கள். அந்த இரண்டு மரத்தை அன்று தைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் குலை நடுங்குகிறது.

"வூட்டுக்கு வாங்க, கூழு இருக்குது" என்று சொல்லிவிட்டு ராமாயி முன்னால் நடந்தாள். வீடு மேட்டுக்கு மேலே, செங்குத்தான பாறைப் படி. அத்தனை தூரம் எந்த மலையைப் பார்க்கப் போனேனோ அந்த மலையை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. குடத்தோடு அவள் ஏறிய நடையைத்தான் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். இரண்டு காலும் சமமாக விழுந்தன. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.